முந்திரிச் சேச்சியின் மூன்றாவது பாட்டில்

ஸ்பெயினிலிருந்து ஒயின் செய்கிறவர் ஒருவர் வருகிறார் என்று எங்கள் ஹோட்டலில் சொன்னபோது, நரைத்த தாடியோடு ஒரு வயதான ஆளைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். மட்டாஞ்சேரி வெயிலில் ஆட்டோவிலிருந்து இறங்கியது என் வயதுப் பெண். நாற்பது இருக்கலாம். ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். இடுப்பில் இருந்ததை யாரையும் தொட விடவில்லை. அதில் அவருடைய தோட்டத்துச் சிவப்பு ஒயின் இருந்தது.

நான் அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவள். அதற்கு முன்னால் பதினோரு வருஷம், இரண்டு தெரு தள்ளி ஒரு சுக்கு, மிளகு கோடவுனில் தரம் பிரித்தேன். ஒயின் பாட்டிலைத் தட்டில் வைத்து எடுத்துப் போயிருக்கிறேன், கிளாஸில் ஊற்றியிருக்கிறேன். திறக்கும் வேலை மட்டும் மேனேஜருடையது. என்னைவிடச் சின்னவர், ஹோட்டல் படிப்புப் படித்தவர். அவர் என்னைச் 'சேச்சி', அதாவது அக்கா, என்பார், நான் அவரை 'சார்' என்பேன்.

மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. வந்த அன்றைக்கே எங்கள் ஆட்கள் ஸ்பெயின்காரருக்கு 'முந்திரிச் சேச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தோசைக்கல்லில் நிற்கிற அண்ணன் மட்டும் குழம்பிப் போனார். அவர் கம்பத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"ஏம்மா, முந்திரிக்கொட்டையில சாராயம் காய்ச்சுற அம்மாவா?"

"இல்லண்ணே, திராட்சை. இவங்க திராட்சையத்தான் முந்திரின்னு சொல்றது."

"திராட்சையா! அது எங்க ஊரு சரக்குல்ல?" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மற்ற ஹோட்டல்காரர்களைக் கூப்பிட்டு ஒயின் ருசி பார்க்கும் நிகழ்ச்சி. புதன்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் முந்திரிச் சேச்சி எங்களை உட்கார வைத்துப் பேசினார். மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வந்தது. அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே அளவு. இரண்டு பேரும் சின்னச் சின்ன வாக்கியமாகத் தடுக்கித் தடுக்கிப் பேசினோம், அதனால் எல்லாமே புரிந்தது.

போனில் படம் காட்டினார். செம்மண் மேடு, மண்ணைவிடக் கல் அதிகம். அதில் முழங்கால் உயரத்துக்கு முறுக்கிக்கொண்டு நிற்கும் கட்டைகள். அவைதான் கொடிகள். அவருடைய தாத்தா காலத்துக்கும் முந்தியவையாம்.

கம்பத்து அண்ணன் எழுந்தே விட்டார். "பந்தல் எங்க? பந்தல் இல்லாம திராட்சையா? தண்ணி எப்படி விடுறாங்க, கேளு."

கேட்டேன். "விடுவதில்லை," என்றார் முந்திரிச் சேச்சி. "தண்ணீர் தேடி வேர் தானே கீழே போகும். பழம் கொஞ்சமாகத்தான் வரும், சிறிதாக, தோல் தடித்து. எனக்கு அது போதும். ஒயினின் நிறமும் மணமும் தோலில்தான் இருக்கிறது." நேற்று மதியம் இங்கே கொட்டிய மழை தன் ஊருக்கு ஒரு மாதத்துக்குக் காணும் என்று சொல்லிச் சிரித்தார்.

அண்ணனால் தாங்க முடியவில்லை. "எங்க ஊர்ல தண்ணி கட்டலைன்னா தோட்டக்காரரு தூங்கவே மாட்டாரு!" அதை நான் மொழிபெயர்த்ததும் முந்திரிச் சேச்சி கம்பத்துத் தோட்டத்தைப் பற்றி அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். வருஷத்தில் எத்தனை அறுவடை, கவாத்து எப்போது, எந்தப் பூச்சி. இரண்டு பேருக்கும் நடுவில் என் தலை பம்பரம் மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பியது. ஆனால் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று தெரியவில்லை.

தன் முறையையும் சொன்னார். புளிக்க வைக்கக் கடையிலிருந்து ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. பழத்தோலிலும் நிலவறைச் சுவரிலும் இருப்பதே போதும். நம் மாவு தானே பொங்குகிற மாதிரி என்று நான் விளக்கினேன், எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது. பிறகு சிமென்ட் தொட்டி, அதற்குப் பிறகு பழைய பெரிய மரப்பீப்பாய். புதுப் பீப்பாயில் வைத்தால் மர வாசனைதான் முன்னால் நிற்குமாம், அந்த மேட்டு மண்ணின் வாசனை பின்னால் போய்விடுமாம். கடைசியில் வடிகட்டாமல் பாட்டிலில் அடைப்பார். "அப்போ நீங்க பெருசா ஒண்ணும் செய்யறதே இல்லையா?" என்று யாரோ கேட்டார்கள். "ஒன்றும் செய்யாமல் இருக்க, நாள் முழுக்கப் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது," என்றார்.

பிறகு ஆளுக்கு ஒரு வாய் ஊற்றினார். நான் தயங்கினேன். என் அம்மா கார்ப்பரேஷனில் தெருக் கூட்டி ஓய்வு பெற்றவர். காலி பாட்டிலாகப் பொறுக்கிப் பொறுக்கி, குடி என்ற சொல்லே ஆகாது அவருக்கு. நானும் அதுவரை ஒரு சொட்டு உள்ளே விட்டதில்லை. முந்திரிச் சேச்சி ஒரு வாளியைக் காட்டினார். "துப்பு. நானும் துப்புவேன். தொட்டி தொட்டியாக ருசி பார்க்கிறவள் விழுங்கினால் எப்படி வீடு போய்ச் சேருவேன்?"

துப்பலாம்! அது எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. கிளாஸுக்குள் மூக்கை விட்டேன். முதலில் ஞாவல், நம் நாவல்பழம். அப்புறம் கிராம்பு, மிளகு, சுட்ட கல்லில் தண்ணீர் தெளித்த வாசனை. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஞாவல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. போனில் படம் தேடிக் காட்டினேன். தன் நோட்டுப் புத்தகத்தில் தன் எழுத்தில் 'ஞாவல்' என்று எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இருபது பேர் வந்தார்கள். வெள்ளை விரிப்பு, வரிசையாகக் கிளாஸ்கள். முந்திரிச் சேச்சி முன்னால் நின்று பேசினார். மேனேஜர் ஓரமாக நின்று ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்தார். இரண்டு நல்லபடியாகப் போனது. மூன்றாவதைத் திறந்து, கார்க்கை மோந்து, சரி என்று தலையசைத்து என்னிடம் கொடுத்தார்.

புதன்கிழமையிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. நடக்கும்போதே பாட்டில் வாயை மோந்து பார்த்தேன். கால் நின்றுவிட்டது.

ஞாவல் இல்லை, மிளகு இல்லை. நனைந்த சாக்கு. ஜூன் மாதத்தில் கோடவுன் கூரை ஒழுகி, ஒரு வாரம் யாரும் பார்க்காமல் கிடந்த சாக்கைப் பிரித்தால் வரும் வாசனை. அந்தச் சாக்கைத் தனியே தள்ளி வைப்பதுதான் பதினோரு வருஷம் என் வேலை.

"எந்தா சேச்சி நிக்குன்னே? ஒழிக்கு," என்று மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஊற்றச் சொல்கிறார்.

"சார், இது சரியில்ல."

"ஞான் நோக்கியதல்லே! ஒழிக்கு."

பார்த்துவிட்டேன் என்கிறார். ஊற்றியிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கல் மேட்டையும் முறுக்கிய கட்டைகளையும் பார்த்துவிட்டேனே. இருபது பேர் இந்த வாசனையை மோந்துவிட்டு, இதுதான் அவர் ஒயின் என்று நினைத்துக்கொண்டு போவார்களே. நேராக முன்னால் நடந்தேன். முந்திரிச் சேச்சி பேச்சை நிறுத்தினார். பாட்டிலை நீட்டி, "மோசம்," என்று தமிழில் சொன்னேன். பதற்றத்தில் இங்கிலீஷ் வரவில்லை.

அவர் மோந்தார். முகம் சுருங்கியது. பிறகு அவர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் சொன்னார்: "இந்தப் பாட்டில் கெட்டுவிட்டது. கார்க்கில் பூஞ்சை பட்டால் இப்படி ஆகும். ஒரு வருஷ வேலையை இத்துனூண்டு கார்க் கெடுத்துவிடும். இதைக் கண்டுபிடித்தது இவர்."

இருபது தலையும் என் பக்கம் திரும்பியது.

அவர் அதோடு விடவில்லை. அதே ஒயினில் இன்னொன்றைத் திறக்கச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தார். கூடமே கலகலப்பாகிவிட்டது. ஆளாளுக்கு மோந்து, "அட ஆமாம்!" என்கிறார்கள். ஒரு பெரியவர் மட்டும் கெட்டதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று கடைசி வரைக்கும் சாதித்தார். மேனேஜர் இரண்டு கிளாஸையும் மாற்றி மாற்றி மோந்துகொண்டு வெகுநேரம் நின்றார்.

எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். "எனக்கு ஜலதோஷம், சேச்சி," என்றார் முதலில். பிறகு சிரித்துவிட்டார். கார்க் திருகியை எடுத்து என் கையில் வைத்தார். "இனி பாட்டில் திறக்கறது நிங்ஙள்."

அன்று சாயங்காலம் முந்திரிச் சேச்சியை என் பழைய கோடவுனுக்குக் கூட்டிப் போனேன். மிளகு மூட்டைக்குள் முகத்தையே புதைத்துவிட்டு ஏழெட்டுத் தும்மல் போட்டார். என்னோடு வேலை பார்த்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வாசனை என்றால் இதுதான்," என்று கண்ணில் தண்ணீர் வழியச் சொன்னார். யாரோ சாயா வாங்கி வந்தார்கள். தரையில் உட்கார்ந்து ஒன்றாகக் குடித்தோம்.

வீட்டில் அம்மாவிடம் சொல்லப் பயமாகத்தான் இருந்தது. சொன்னேன். "குடிச்சியா?" என்றுதான் முதலில் கேட்டார். "துப்பிட்டேன்மா." அதை நம்ப அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ பாட்டில் திறந்துவிட்டேன். இன்னும் இரண்டு முறை கெட்டதைப் பிடித்திருக்கிறேன். போன அறுவடை சமயத்தில் ஒரு மதியம் வீடியோ கால் வந்தது. அங்கே காலை நேரம். முந்திரிச் சேச்சி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வரைக்கும் திராட்சைக்குள் நின்று மிதித்துக்கொண்டிருந்தார். கால் இரண்டும் கருஞ்சிவப்பு. "பார், பார், பொங்குகிறது!" என்று கத்தினார். போனைக் கீழே கொண்டு போனார். குமிழ் குமிழாக நுரைத்துக்கொண்டிருந்தது. நானும் இங்கே கத்திவிட்டேன். சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"இதையா பாட்டில்ல அடைக்கறது? காலைக் கழுவினாளா அவ, கேளு."

கேட்டேன்.

"மூன்று தடவை!" என்று கத்தினார் முந்திரிச் சேச்சி, ஒரு காலைத் தூக்கிக் காட்டி.