நோன்பு நாளில் சிவந்த வாய்

பக்கத்து மசூதியில் சாயங்கால அஸர் பாங்கு சொன்னால் ஜஹீதா தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். உள்ளறையில் அவர் இருமுவது அவளுக்குக் கேட்கும். புருஷன் கரீமுல்லா மௌத்தாகி, அடக்கம் முடிந்து வருஷம் ஒன்றாகிறது.

தி.நகரில் படங்களுக்குக் கண்ணாடி ஃபிரேம் போட்டவர். வாய் நிறைய வெற்றிலை இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. முப்பது வருஷக் குடித்தனத்தில் ஜஹீதா திட்டியதில் பாதி, மயிலாப்பூர் வீட்டு வாஷ்பேசினில் படிந்த அந்தச் சிவப்புக்காகத்தான். அவள் கத்தினால் மனுஷர் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார்.

அந்த வருஷப் பொங்கல் முடிந்ததிலிருந்தே அவருக்கு இருமல். மூக்கில் பொருக்கு, மூட்டெல்லாம் வலி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. "வயசாவுது, வுடு" என்றார். அவளும் விட்டுவிட்டாள். துப்பியதில் எது வெற்றிலை, எது வேறு என்று யார் பார்த்தார்கள்?

ரமலான் பன்னிரண்டாம் நோன்பு. அஸர் தொழுகைக்கு கை, முகம் கழுவி ஒளு செய்ய நின்றவர் இருமி, வாய் கொப்பளித்துத் துப்பினார். பேசின் முழுக்கச் சிவப்பு. ஜஹீதாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"நோன்பு வெச்சிக்கினு வெத்தல போட்டீங்களா?"

"இல்ல ஜஹீதா. சத்தியமா போடல."

"பொய் வேற!"

அவர் சுவரைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மதுவந்தி பொறுமையாகச் சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தாக்குகிற வியாதி. குழாய்கள் கசிந்து நுரையீரல் ரத்தத்தால் நிறைந்திருக்கிறது, சிறுநீரகமும் அடிவாங்கிவிட்டது. முன்னாலேயே தெரிந்திருந்தால் மருந்துக்குக் கட்டுப்பட்டிருக்கலாம்.

"எத்தனை நாளா ரத்தம் துப்பறார்ம்மா?"

 எத்தனை நாள் ரத்தத்தைத் தன் கையாலேயே தேய்த்துக் கழுவினாள் என்று ஜஹீதாவுக்கு எப்படித் தெரியும்?

ஸ்டீராய்டு ஏற்றினார்கள். தொண்டையில் குழாய், கூடவே மயக்க மருந்து. ஐந்தாம் நாள் அவர் காதோரம் குனிந்து, "நீங்க பொய் சொல்லலங்க. என்ன மன்னிச்சிடுங்க" என்றாள். இமைகூட அசையவில்லை. அன்று சாயங்காலமே போய்விட்டார்.

"நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமா?" என்று நர்ஸ் முத்துலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்டிப்பா கேட்டிருக்கும்மா."

கொஞ்ச நேரத்தில் அடுத்த படுக்கைக்காரரின் மகள் அழுதுகொண்டே அதையே கேட்டாள். முத்துலட்சுமி அவளுக்கும் அதே குரலில் அதே பதிலைச் சொன்னதை, ஜஹீதா அங்கேயே நின்று கேட்டாள்.