ஆர்டித்தும் இரண்டு ராய் டேட்களும்

ஆர்டித் குபிசெக்கின் பனி தள்ளும் லாரி வருகிறதென்றால் பனி தானாகவே எழுந்து ஓரமாக நின்றுகொள்ளும் என்று எங்கள் ஊரான சீடர் ராபிட்ஸில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான் என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு பிப்ரவரியில் அவள் எங்கள் தெருப் பனியைத் தள்ளிவிட்டுப் போனபோது, என் தபால் பெட்டியும் சேர்ந்து போய், ஏப்ரலில் பக்கத்து மாவட்டத்தில் கரை ஒதுங்கியது. உள்ளே இருந்த கடிதங்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் பதிலும் போட்டிருந்தார்கள்.

ஊருக்கு வடக்கே ஒரு பண்ணையில் பிறந்தவள். வங்கியில் தட்டச்சு வேலைக்குப் போகச் சொன்னார் அப்பா. இவள் இருபத்துமூன்று வயதில் கனரக வாகன உரிமம் வாங்கிக்கொண்டு நகரசபையில் போய் நின்றாள். இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை, கண்ணாடி மாதிரி உறைந்த தரையில், இரண்டு லாரிகளுக்கு நடுவே தன் லாரியைப் பின்பக்கமாகவே கொண்டுவந்து சொருகிக் காட்டினாள். சாவியைக் கொடுத்தார்கள். முப்பத்தெட்டு வருஷமாக அது அவள் கையில்தான் இருக்கிறது. புருஷன் டுவேன் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுக்கிறவர். அதிர்ந்து பேசமாட்டார். ஊரிலேயே நல்ல கோலாச் என்கிற இனிப்பு ரொட்டி சுடுகிறவர். கசகசா வைத்தது ஒன்று தின்றால் செய்த பாவமெல்லாம் மறந்துவிடும்.

கோடைக்காலத்தில் பனி கிடையாது. ஆர்டித் ரோட்டுக் குழிகளுக்குத் தார் ஊற்றிக்கொண்டே ரேடியோவில் பேஸ்பால் கேட்பாள். அப்படித்தான் எங்கள் கழகத்துக்கு வந்து சேர்ந்தாள்.

எங்கள் கழகம் என்றால், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் கூடத்தின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுகிற பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு பேஸ்பால் அணி. அணியில் இருக்கிற எவனும் உலகத்தில் கிடையாது; எல்லாரும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு பெற்றுப் போட்ட பிள்ளைகள். அது ஒரு பெயரும் ஒரு வயதும் கொடுக்கும், ‘இவன் தோள் பலம் இவ்வளவு, கண் கூர்மை இவ்வளவு’ என்று எண் போடும். யாரை எடுப்பது, யாரை ஆடவிடுவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பது நம் பாடு. ஆட்டத்தை மெஷினே ஆடிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு வார ஆட்டங்கள்.

ஜனவரியில், சீசன் தொடங்குவதற்கு முன்னால், டிராஃப்ட். புதிதாக முளைத்த பிள்ளைகளின் பட்டியலை மெஷின் கொடுக்கும். வரிசைப்படி ஆளுக்கு ஒருவனாக எடுக்க வேண்டும். போன சீசனில் கடைசியில் வந்தவருக்கு முதல் தேர்வு. ஜெயித்தவருக்குக் கடைசித் தேர்வு. இப்படி இருபது சுற்று. நல்ல விதிதான். ஆனால் நல்ல விதியில்தான் மனுஷன் முதலில் ஓட்டை தேடுவான். முதல் தேர்வுக்கு ஆசைப்பட்டு வேண்டுமென்றே தோற்கிறவர்கள் கிளம்பினார்கள். அதற்காகப் பதினான்காம் விதி வந்தது: சீசனுக்கு 162 ஆட்டம், தொடர்ந்து மூன்று சீசன் அறுபது வெற்றிக்குக் கீழே போனால், அணி பறிபோகும், காத்திருப்போர் வரிசையில் முதலில் நிற்கிறவருக்குப் போய்விடும்.

ஆர்டித்தின் அணிக்கு ‘ஓட்ஸ் மூட்டைகள்’ என்று பெயர். போனதற்கு முந்தின சீசன் 58 வெற்றி. போன சீசன் 55. அவள் வேண்டுமென்று தோற்கவில்லை. அவளால் கிழவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

“முப்பத்தெட்டு வயசுல ஒருத்தனை வேணாம்னு சொல்லவா? எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சு, நகரசபைக்காரன் காதுல விழப்போகுது” என்பாள்.

காத்திருப்போர் வரிசையில் முதலில் நின்றது டேல் போஸ்பிசில். வீட்டுக் கணப்பு அடுப்பு ரிப்பேர் செய்கிறவன். அடுப்பைத் தவிர எல்லாவற்றையும் சூடாக்குவான். ஒவ்வொரு ஞாயிறும் வந்து சுவரோரம் உட்கார்ந்துகொள்வான்.

“ஆர்டித், உங்க டீமுக்கு நான் வேற பேரு யோசிச்சு வெச்சிட்டேன். கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“பேரை உன் நாய்க்கு வை. அதுவாவது கூப்பிட்டா வரும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் காரில் என்னோடு வரும்போது சிரிப்பு இல்லை. “லவோன், லாரி நகரத்தோடது. ரோடு நகரத்தோடது. எந்தத் தெருவுக்கு முதல்ல போகணும்னுகூட எவனோ ஒருத்தன் ரேடியோவுல சொல்றான். நானா முடிவெடுக்கறது அந்த டீம் ஒண்ணுலதான். அதை அந்த அடுப்புக்காரன் கையில குடுக்க மாட்டேன்.”

வழி இருந்தது. அந்த வருஷப் பட்டியலில் ராய் டேட் என்று ஒருவன். இருபத்திரண்டு வயது, கல்லூரியில் பந்தெறிந்தவன். பயிற்சி கிடையாது, காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே களத்தில் இறக்கலாம். அவன் இருந்தால் அறுபது வெற்றி கைக்கெட்டும். முதல் தேர்வு ஆர்டித்துக்குத்தான். இரண்டாவது தேர்வு எனக்கு. என் அணி எப்படி அந்த இடத்துக்கு வந்தது என்று கேட்க வேண்டாம்.

டிராஃப்ட் அன்றைக்குக் காலையில் பனி பிடித்துக்கொண்டது. பதினொரு அங்குலம். நான் சொன்னால் பதினொரு அடி என்பேன், ஆனால் வானிலைக்காரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எல்லா லாரியும் வெளியே போயாக வேண்டும். வர முடியாதவர்கள் தங்கள் தேர்வுப் பட்டியலை முன்கூட்டி மெஷினுக்கு அனுப்பிவிடலாம் என்பது ஏழாம் விதி. லாரிக் கொட்டகையில், ஒரு கையில் காபி, ஒரு கையில் போன், தடித்த கையுறை போட்டபடியே ஆர்டித் ‘டேட், ராய்’ என்று தேடி, முதலில் வந்த பெயரைத் தொட்டு, அனுப்பிவிட்டுப் போனாள்.

மதியம் ஒரு மணிக்கு எங்கள் கழகக் கமிஷனர் வெர்ன் ஹ்லாவாச்செக் கண்ணாடியை மாட்டினார். கமிஷனர் என்றால் தொப்பியும் லத்தியும் கிடையாது. ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஆனால் பல்லைப் பிடுங்குகிற அதே முகத்தோடுதான் விதியும் படிப்பார்.

“முதல் தேர்வு, ஓட்ஸ் மூட்டைகள். ராய் டேட்.” நிறுத்தினார். “கேட்சர். வயசு பதினேழு.”

பெயர்களை மெஷின் ஒரு மூட்டையிலிருந்து அள்ளிப் போடுகிறது. சில வருஷம் ஒரே பெயரை இரண்டு தடவை அள்ளிவிடும். பட்டியலில் இரண்டு ராய் டேட். சின்னவன் முதலில் வருவான். பள்ளிக்கூடப் பிள்ளை, நான்கு வருஷம் கழித்துப் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளாமலும் போகலாம்.

சுவரோரத்தில் டேல் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “யப்பா! பால்பாட்டிலும் சேர்த்து அனுப்புங்கப்பா!”

“வெர்ன், இது கை தவறினது. எல்லாருக்கும் தெரியும்” என்றேன்.

“ஒன்பதாம் விதி, லவோன். வாசிச்ச பேரு வாசிச்சதுதான். நான் ஒரு தடவை, மெஷின் தப்பாப் போட்ட எழுபது வயசுக்காரனை எடுத்துட்டு ஆறு சீசன் வெச்சிருந்தேன். யாராவது பாவம் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. அடுத்தது என் முறை. பத்து நிமிஷக் கடிகாரம் ஓடியது. ஒன்பது நிமிஷம் யோசித்தேன், பத்தாவது நிமிஷம் பெரிய ராய் டேட்டை எடுத்துக்கொண்டேன். நான் விட்டிருந்தால் அடுத்தவன் எடுத்திருப்பான். அது காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஆர்டித்துக்குப் போன் போட்டுச் சொன்னதும் நான்தான். லாரியின் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

“பெரியவனை யாரு எடுத்தது?”

“நான்.”

“பண்ணுவ நீ.” கியர் மாறும் சத்தம் கேட்டது. “இப்ப எத்தனாவது சுத்து?”

“மூணாவது. ஆர்டித், சின்னவனைச் சேர்த்துக்காத, காலேஜுக்குப் போகட்டும்னு விட்டுடு. சேர்க்காத தேர்வுக்குப் பதிலா அடுத்த வருஷம் ரெண்டாவது தேர்வு கிடைக்கும்னு விதி இருக்கு.”

“அடுத்த வருஷம் அது டேலுக்குக் கிடைக்கும். நான் மூணு மணிக்கு வரேன். ஒருத்தனும் மெஷினை மூடக் கூடாது.”

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம். ஐந்து சுற்று முடிந்ததும் எல்லாரும் எழுந்து பௌலிங் ஆடப் போய்விடுவோம். மீதிப் பதினைந்து சுற்றையும் மெஷினே நமக்காகத் தேர்ந்தெடுக்கும். அங்கே வண்டல்தான் மிச்சம் என்பது எங்கள் எண்ணம். மெஷினுக்கோ இளசுகள் மேல்தான் பித்து. நாளைக்கு வளரக்கூடியவன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடும்.

ஆர்டித் மூன்று மணிக்கு வந்தாள். பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்ட, டுவேன் கொடுத்தனுப்பிய ரொட்டித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

“ஆறாவது சுத்து. நானே எடுக்கறேன்.”

“எல்லாத்தையுமா?” என்றார் வெர்ன்.

“விதியில வேணாம்னு இருக்கா?”

இல்லை. தேர்வு ஒவ்வொன்றுக்கும் கமிஷனர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. பாவம், அவரும் உட்கார்ந்தார்.

ஒவ்வொரு தேர்வுக்கும் பத்து நிமிஷத்தையும் முழுசாக எடுத்துக்கொண்டாள். மெஷின் தீண்டாத ஆட்களாகப் பார்த்து எடுத்தாள்: இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது, கல்லூரி முடித்தவர்கள், இனி ஒரு அங்குலமும் வளராதவர்கள். மட்டையால் பெரிதாக அடிக்கத் தெரியாது. ஆனால் பந்து வந்தால் விடமாட்டார்கள்.

“இவன் நாளைக்கு என்னவா வருவான்னு பார்த்தியா?” என்று கேட்டேன். எண் பரிதாபமாக இருந்தது.

“எனக்கு நாளைக்கு வேணாம். இன்னைக்கு வேலை தெரிஞ்சவன் போதும்.”

ஐந்தரை மணிக்கு இருபதாவது பெயரைத் தொட்டாள். இந்தத் தடவை கையுறையைக் கழற்றியிருந்தாள். வயதையும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள்.

சீசன் தொடங்கியது. முதல் ஞாயிறு 25 ஆட்டத்தில் ஆறு வெற்றி. டேல் விசிலடித்தான். இரண்டாவது ஞாயிறு ஒன்பது. புதிதாக வந்த பிள்ளைகளைத் தடுப்புக்கு நிறுத்தி, கிழவர்களை மட்டை பிடிக்க மட்டும் வைத்துக்கொண்டாள். கிழவர்களுக்கு ஒரே கட்டளை: அவசரப்பட்டு அடிக்காதே, நில், நல்ல பந்து வரட்டும். எதிராளி எறிந்து எறிந்து களைக்கட்டும். வேலைக்கு நடுவே சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு ஆட்டத்தின் விவரத்தையும் போனில் படித்து, ஆட்களை இடம் மாற்றினாள். மார்ச்சில் ஆறு ஞாயிறு முடிந்தபோது 56 வெற்றி. பன்னிரண்டு ஆட்டம் மிச்சம். நான்கு வேண்டும்.

கடைசி ஞாயிறு வெர்ன் ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஓட்டினார். ஒன்பது ஆட்டத்தில் மூன்று வெற்றி. ஐம்பத்தொன்பது. கடைசி மூன்று ஆட்டமும் என் அணியோடு.

முதலாவதில் நான் ஜெயித்தேன், ஏழுக்கு இரண்டு. இரண்டாவதிலும் நான்தான், நான்குக்கு மூன்று. மூன்றாவதில் பந்தெறிய வேண்டியவன் பெரிய ராய் டேட். அந்த சீசனின் ராஜா அவன்.

குனிந்து ஆர்டித்தின் காதில், “அவனுக்குத் தோள் வலின்னு உட்கார வெச்சிடட்டுமா? ஒரு பட்டன்தான்” என்றேன்.

அவள் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்: “லவோன், அந்தப் பையனை உட்கார வெச்சேன்னு வை, உன் வாசல்ல ஜூன் மாசம் வரைக்கும் பனி நிக்கும். ஒழுங்கா எறியச் சொல்லு.”

எறிந்தான். ஏழு இன்னிங்ஸ் வரை அவள் அணிக்கு ஒரு அடிகூட இல்லை. எனக்கு ஒரு ஓட்டம். டேல் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். ஆனால் கிழவர்கள் நின்றார்கள். மோசமான பந்தை அடிக்கவே இல்லை. ஒவ்வொருவனும் ஆறு பந்து, ஏழு பந்து வாங்கினான். எட்டாவது இன்னிங்ஸில் டேட் நூற்றுப்பதினெட்டுப் பந்து எறிந்துவிட்டான் என்று மெஷின் எச்சரித்தது. கை போய்விட்டால் அடுத்த சீசனும் போய்விடும், வேறொருவனை இறக்கினேன். அவன் கண்டபடி எறிந்து, இரண்டு கிழவர்களை அடிக்காமலேயே தளத்துக்கு நடக்கவிட்டான். டிராஃப்டில் ஆர்டித் பதினாறாவது சுற்றில் எடுத்த ஒருத்தன், வளரவே மாட்டான் என்று எண் போட்டவன், ஒரு பந்தைச் சோம்பலாகத் தரையோடு தட்டினான். அதை என் ஆள் எடுத்து ஆகாயத்தில் எறிந்தான். இரண்டு கிழவர்களும் ஓடி வந்து ஓட்டம் எடுத்துவிட்டார்கள். ஆர்டித் இரண்டு, நான் ஒன்று.

கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் நான் இரண்டு பேரைத் தளத்தில் ஏற்றினேன். அடுத்து அடித்த பந்து நேராக அவளுடைய தடுப்புக்காரன் கைக்குப் போனது. ஒரே மூச்சில் இரண்டு பேர் வெளியே. அடுத்தவன் உயர அடித்தான், பிடித்துவிட்டார்கள், மூன்றாவது ஆளும் வெளியே, ஆட்டம் முடிந்தது.

டேல் எழுந்து வந்து கையை நீட்டினான். “வரிசையில அப்படியே நிக்கறேன், ஆர்டித்.”

“நில்லு. குளிர் விட்டுப்போற வரைக்கும் நில்லு” என்று கையைக் குலுக்கினாள். பிறகு கமிஷனரிடம் திரும்பினாள். “வெர்ன், என்னன்னு வாசி.”

“ஓட்ஸ் மூட்டைகள். வெற்றி அறுபது.”

“இன்னொரு தடவை.”

“அறுபது, ஆர்டித். டீம் உன்னோடதுதான்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். வெர்ன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கேட்காமலேயே மூன்றாவது தடவையும் வாசித்தார்.