ஸ்கேன் டாக்டர் ஓட்டுக்கு நின்ற கதை

மல்லசமுத்திரம் பாலசுந்தரம் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது, அந்தக் காகிதத்தின் நாலு மூலையிலும் அவருடைய அம்மா மஞ்சள் தடவி அனுப்பினார். இடம் கிடைத்துவிட்டது. மார்க் இருந்ததால் கிடைத்தது என்று யாரும் சொல்லவில்லை, மஞ்சளால் கிடைத்தது என்று அம்மா சொன்னார். மகனும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு முக்கியமான காகிதம் எதுவும் அவர் கையிலிருந்து மஞ்சள் படாமல் வெளியே போனதில்லை. மேற்படிப்பு விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, 1983இல் ஜப்பானிலிருந்து அல்ட்ராசவுண்டு மெஷின் வரவழைக்கக் கொடுத்த மனு எல்லாமே மஞ்சளோடுதான் போயின.

சேலத்தில் அவர் ஸ்கேன் சென்டர் திறந்த நாளிலிருந்து முன்மேஜையில் இருந்தவள் சௌந்திரம். ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண், பி.ஏ. முடித்தவள். டோக்கன் கொடுப்பது, ரிப்போர்ட் டைப் அடிப்பது, வருகிறவர்களைச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கவைத்து உட்கார்த்துவது அவள் வேலை. அடிவயிற்றை ஸ்கேன் பார்க்க வேண்டுமென்றால் மூத்திரப்பை முட்ட நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் தெரியாது. மேஜை மேல் ஜெல் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் குழைத்த மஞ்சள் இருக்கும். நாளின் முதல் ரிப்போர்ட்டுக்கு அதைத் தொட்டு வைப்பதும் அவள் பொறுப்பு. பித்தப்பையில் கல் என்று எழுதிய ரிப்போர்ட்டை வாங்கிய ஒருவர், "யாருக்குக் கலியாணமுங்க?" என்று கேட்டார். சௌந்திரத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. அவருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை.

டாக்டருக்கு இருந்த ஒரே குறை பதவி. அவருடைய மாமனார் சின்னண்ணன் சங்ககிரியில் லாரி வைத்திருந்தவர். லாரிக்காரர் சங்கத்தில் பொறுப்பு, கோயில் திருப்பணிக் கமிட்டியில் பொறுப்பு, பள்ளிக்கூடக் கமிட்டியில் பொறுப்பு. விசேஷ வீடுகளில் அவர் மருமகனை அறிமுகப்படுத்தும் விதமே தனி. "மாப்ள டாக்டருங்க. ஆனா ஊசி போடறவரு இல்லீங்க, படம் புடிக்கிறவரு." கேட்டவர்கள், ஸ்டுடியோ எந்த வீதியில் என்று விசாரித்ததும் உண்டு. பாலசுந்தரத்துக்கு இது முள்ளாகக் குத்தியது. நியாயமான வலிதான். ஆனால் அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் கேவலமாக இருந்தது.

1987இல் அல்ட்ராசவுண்டு டாக்டர்கள் சங்கத்தின் கவுன்சிலில் ஓர் இடத்துக்குத் தேர்தல் வந்தது. தபால் ஓட்டு. இவரும் கோயமுத்தூர் டாக்டர் ஒருவரும் போட்டி. மனுப் போட்ட மறுநாளே 'கவுன்சில் உறுப்பினர்' என்று பேருக்குக் கீழே போட்டு லெட்டர்பேடு அச்சடிக்கச் சொன்னார் டாக்டர். "ஜெயிச்ச பின்னாடி அடிக்கலாமுங்களே" என்றாள் சௌந்திரம். "உன்னயக் கேட்டனா?" என்றார். கட்டுக் கட்டாக லெட்டர்பேடு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது. அதில் ஒன்றை எழுதி மாமனாருக்கு அனுப்ப வேண்டும், அவர் அதை நாலு பேர் முன்னால் படிக்க வேண்டும். டாக்டருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆத்தூரிலிருந்து திருச்செங்கோடு வரை சங்கத்தில் பதினொரு டாக்டர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் மனைவியை அழைத்துக்கொண்டு, வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு போனார். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி தட்டை நீட்டி ஓட்டுக் கேட்டார். தட்டை நீட்டினால் வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கிக்கொண்டார்கள். தூரத்து டாக்டர்களுக்கு டிரங்க்கால் போட்டார். போனைப் பிடித்தால் மனிதருக்கு உலகம் மறந்துவிடும்.

அப்படி ஒரு நாள் காலையில்தான் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து செல்லியம்மாள் வந்தாள். ஐம்பது வயது, அடிவயிற்றில் தீராத வலி. சௌந்திரம் சொன்னபடி தண்ணீர் குடித்துவிட்டு பெஞ்சில் இருந்தாள். உள்ளே டாக்டர் போனில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னால இதுக்கு மேல அடக்க முடியாதும்மா, கொஞ்சம் சொல்லேன்" என்றாள் செல்லியம்மாள். சௌந்திரம் கதவைத் திறந்து சொன்னாள். டாக்டர் கையை ஆட்டி வெளியே போகச் சொன்னார். மறுபடி சொன்னாள், மறுபடி கை ஆடியது. மூன்றாம் முறை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செல்லியம்மாள் அத்தனை பேர் நடுவில், பெஞ்சில் இருந்தபடியே சேலையை நனைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்த டாக்டர் தரையைப் பார்த்தார். "தண்ணி குடிச்சா அடக்கத் தெரிய வேண்டாமா? நாளைக்கு வரச் சொல்லு" என்றார். ஸ்கேன் கட்டிலின் விரிப்பை எடுத்து அவளுக்குச் சுற்றிவிட்டு, சேலையைத் தானே அலசிக் கொடுத்தாள் சௌந்திரம். செல்லியம்மாள் மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

ஓட்டுச்சீட்டு வந்ததும், அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லிப் பதினொரு பேரையும் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்தார் டாக்டர். அவர் கண் முன்னாலேயே எல்லோரும் அவர் பேருக்கு டிக் அடித்து, வெளிக் கவரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். தபாலில் சேர்ப்பது தன் பொறுப்பு என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலையில் தன்னுடையதையும் சேர்த்துப் பன்னிரண்டு சீட்டைச் சௌந்திரத்தின் மேஜையில் வைத்தார்.

"மஞ்ச வெச்சு, கவர்ல போட்டு ஒட்டு."

சீட்டோடு வந்திருந்த விதிமுறைத் தாளைச் சௌந்திரம் படித்திருந்தாள். டாக்டர் படிக்கவில்லை. "டாக்டர், சீட்டுல டிக் தவிர வேற எந்த அடையாளம் இருந்தாலும் ஓட்டு செல்லாதுன்னு போட்டிருக்குதுங்க" என்றாள்.

"மஞ்ச அடையாளமா? அது மங்களம். டைப் அடிக்கிறவ எனக்கு ரூல் சொல்ல வந்துட்டா. வெய்யி!"

இன்னொரு முறை சொல்லலாமா என்று அவள் ஒரு கணம் யோசித்தாள். அன்று செல்லியம்மாள் உட்கார்ந்து அழுத பெஞ்ச் எதிரில்தான் இருந்தது. கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு சீட்டுக்கும் நாலு நாலு மூலை, ஒன்றைக்கூட விடாமல், தாராளமாக வைத்தாள். காய வைத்து, மடித்து, கவரில் போட்டு ஒட்டினாள். இவ்வளவு சிரத்தையாக அந்த வேலையை அவள் அதற்கு முன் செய்ததே இல்லை.

மூன்று வாரம் கழித்துச் சங்கத்தின் கடிதம் வந்தது. கோயமுத்தூர்க்காரர் நாற்பத்திரண்டு, பாலசுந்தரம் முப்பத்தாறு. மூலைகளில் மஞ்சள் கறை இருந்தபடியால் செல்லாதவை என்று தள்ளப்பட்டவை பன்னிரண்டு. டாக்டர் அதை நின்றுகொண்டு படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். வெளியே வந்து சௌந்திரத்தின் மேஜையைத் தட்டினார்.

"நீ சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னனுங்க."

"ஒருக்காச் சொன்னா ஆச்சா? ரெண்டு மூணு தரம் அழுத்திச் சொல்றதுக்கென்ன?"

"செல்லியம்மாளுக்காவ மூணு தரம் சொன்னனுங்க டாக்டர். நீங்க கேக்கலீங்க."

டாக்டர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு நம்பிக்கைகூட வந்தது.

"எந்தச் செல்லியம்மாள்? ஆத்தூர்ப் பக்கத்து டாக்டரா? அவங்களுக்கு ஓட்டு இருந்துதா?"

சௌந்திரம் காலடியில் கிடந்த லெட்டர்பேடில் ஒரு தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள். பின்பக்கம் ஒன்று, இரண்டு என்று டோக்கன் எழுதிக்கொண்டு, பெஞ்சில் காத்திருந்தவர்களைப் பார்த்து முதல் ஆளைக் கூப்பிட்டாள்.