கழுத்துக் கவசத்தில் சிக்கிய மஞ்சள் கயிறு

தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்த்த பட்டறையில் இரும்பு வளையங்களைக் கோத்துக் கழுத்துக் கவசம் செய்தோம். வெளிநாட்டில் பழங்காலப் போர்வீரன் வேஷம் கட்டிச் சண்டை போட்டு விளையாடுகிறவர்கள் இருக்கிறார்களாம், அவர்களுக்கு. பெட்டியில் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் யாராவது போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு என் கழுத்துதான் வாய்த்தது.

அன்று என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன். மதியம்தான் என்றார்கள். சரக்கு போகிற நாள், வராவிட்டால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் மிரட்டியிருந்தான். பாவி நான், காலையில் வந்து தொலைத்தேன். மனசு ஆஸ்பத்திரியில் கிடந்தது. தாலியை வெளியே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டே இருந்தேன். கவசம் மாட்டும் முன் அதை எப்போதும் ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுவேன். அன்று மறந்துவிட்டேன்.

கவசத்தை மாட்டியதும் போன் வந்தது. கொழுந்தன். "அண்ணி, இப்பவே உள்ள கூட்டிட்டுப் போறாங்களாம். அண்ணன் உங்களப் பாக்கணும்ன்றாரு."

பதறிப்போய்ப் பின்கொக்கியை அவிழ்த்துக் கவசத்தைப் பிடித்து இழுத்தேன். மஞ்சள் கயிறு முறுக்குப் பிரிந்து, நூல் நூலாக வளையங்களின் பிசிறில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கக் கயிறு கழுத்தை இறுக்கியது. தலை வழியாகவும் கழற்ற வரவில்லை.

"கயித்த வெட்டும்மா, வண்டி நிக்குது. புதுசு கட்டிக்கலாம்," என்றான் சூப்பர்வைசர்.

"இன்னைக்கா? உன் வூட்டுல சொல்லுவியாடா இப்படி?" என்று கத்திவிட்டுக் கவசத்தோடே ஓடி ஆட்டோ பிடித்தேன்.

ஆபரேஷன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். "இன்னா கோலம் இது?" என்றார். சொன்னேன். என் கழுத்தில் ரத்தம் கன்றியிருந்ததைப் பார்த்தார்.

"அறுத்துடு புள்ள."

"வாயக் கழுவுங்க!"

"நான் சொல்றதக் கேளு. வெளிய வந்து நானே கட்டுறேன். கட்டுற வேலை பாக்கி இருந்தா வந்துதானே ஆவணும்? நீ அறுக்காம நான் உள்ள போவ மாட்டேன்."

எனக்குக் கை வரவில்லை. நர்ஸம்மாதான் கத்தரியால் வெட்டினார். கவசம் தரையில் விழுந்தது. கதவு மூடிக்கொண்டது.

ஐயோ, அந்த நேரம் யாருக்கும் வரக்கூடாது. வெறும் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷன் சொன்னால் எனக்குப் புத்தி எங்கே போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன். கதவு திறந்தபோதெல்லாம் எழுந்து நின்றேன். சாமி பேர்கூட வாயில் வரவில்லை.

மறுநாள்தான் உள்ளே விட்டார்கள். கண் திறந்திருந்தார். கொழுந்தன் வாங்கி வந்த புதுக் கயிற்றில் தாலியைக் கோத்துக் கையில் கொடுத்துக் குனிந்தேன். ஊசி ஏற்றிய கையைத் தூக்கினார். ஒரு முடிச்சு போட்டார். அதற்குமேல் முடியவில்லை.

மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியது. அவருக்கு அக்கா தங்கச்சி கிடையாது. கயிற்றை வெட்டிய அதே நர்ஸம்மா என் பின்னால் வந்து நின்றார்.

"இறுக்கிப் போடும்மா," என்றேன். "இன்னும் இறுக்கி."