இருமலோடு நகர்ந்த ராணி

மார்ச் 9, ஞாயிறு, காலை 10.20; பதுளையில் தூறல். சதுரங்கப் போட்டியில் என் எதிரே பசறையிலிருந்து வந்த கெட்டிக்காரப் பெண். என் வீட்டில் எதிரே உட்கார யாருமில்லை. அவள் லேசாக இருமி, நான் வெட்டும்படி தன் ராணியை நகர்த்தினாள்.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அப்பாவும் ராணியைக் கொடுக்கும்போது அப்படித்தான் இருமுவார். ஞாயிறுதோறும் சதுரங்கத்தில் கங்காணியிடம் வேண்டுமென்றே தோற்பார்.

"இன்னைக்கும் ராணிய குடுத்துட்டீங்களா?" என்பார் அம்மா.

"குடுத்தாதான்டி கங்காணி நாளைக்குத் தூர மலைக்கு அனுப்பாம பக்கத்து மலையில வேல குடுப்பாரு."

பிறகு தனியாக உட்கார்ந்து அதே ஆட்டத்தை ஆடி வெல்வார்.

நான் அந்தப் பெண்ணின் ராணியை வெட்டவில்லை.

"தாத்தா, ராணிய பார்க்கலையா?"

"பார்த்தேம்மா. நெசமா வெளையாடு."

நாற்பது நிமிடத்தில் தோற்றேன். நுழைவுக்கட்டணம் ஐந்நூறு, பஸ்ஸுக்கு நூற்றறுபது. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததற்கு மொத்தம் அறுநூற்றறுபது ரூபாய்.