நட்டின் அடியில் வெள்ளி வளையம்

என் மேசையில், நாட்குறிப்பின் பக்கம் மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு நட்டை வைத்திருக்கிறேன். அடியில் வாஷரையும் சேர்த்தே செய்ததுபோல் அகன்ற தட்டு உள்ள பிளாஞ்ச் நட்டு. மரை நசுங்கிவிட்டது, இனி எந்த போல்ட்டிலும் ஏறாது. தட்டின் அடிப்புறத்தில் வெள்ளிநிற பெயின்ட் ஒரு வளையமாக ஒட்டியிருக்கிறது. அதை அடித்தவன் நான்.

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்கு அருகே ஓர் எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதும் ரைட்டர். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மினி லாரியைக் கழுவிச் சக்கரங்களுக்கு வெள்ளி பூசுவது எங்கள் வழக்கம். அந்த வருடம் மூன்று சக்கரங்களுக்குக் கழற்றாமல் மேலோட்டமாகப் பூசினேன். பின்பக்க இடது சக்கரத்தில் துரு ஏறியிருந்தது. அதை மட்டும் கழற்றச் சொல்லி, உப்புத்தாளால் தேய்த்து, போல்ட் துளைகளைச் சுற்றியும் விடாமல் இரண்டு பூச்சு கொடுத்தேன். எதையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. டிரைவர் அதை மாட்டி, ஸ்பேனர்மேல் ஏறி நின்று முறுக்கினார். "மாப்பிள்ளையாட்டம் இருக்குதுங்க ரைட்டரே" என்றார்.

பூஜைக்கு மறுநாள் காலை, களை வெட்டப் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினோம். நான் முன்னால் இருந்தேன். நல்ல பனிமூட்டம். மூன்றாவது வளைவில் டிரைவர் திடீரென்று வேகத்தைக் குறைத்தார். பின்னாலிருந்து ஒரு பெண், "ஏனுங்க டிரைவரே, எங்க ஊட்டு எருமைகூட இதவிட வெரசாப் போகுமுங்க!" என்று கத்தினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. பிரேக்கை மிதிக்காமல், கியரை இறக்கி, வண்டியை மலைச்சுவர் ஓரமாக அணைத்து நிறுத்தினார்.

அந்தச் சக்கரத்தில் ஆறு நட்டுகளில் இரண்டைக் காணோம். மீதி நான்கும் விரலால் சுழன்றன. சாலையின் மறுபுறம் பள்ளம்.

டிரைவர் ஒரு நட்டைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். தட்டின் அடியில் பெயின்ட் ஈரமாக வழுக்கியது. இறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு இழுபடுகிறது. அந்த இழுவிசையைத் தட்டு பரப்பிக் கொடுத்துச் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. இடையில் பெயின்ட் இருந்தால், இறக்கத்தில் பிரேக் சூட்டில் அது நசுங்கிப் பிதுங்கும். பிடி போய்விடும்.

வண்டி நின்ற இடம் வளைவு. கீழிருந்து பஸ் ஏறி வரும் நேரம். செல்போனில் சிக்னல் இல்லை. ஒருத்தி கீழே ஓடித் தலைத்துண்டை வீசிக்கொண்டு நின்றாள். டிரைவர் சக்கரத்தைக் கழற்றிச் சாலையில் கிடத்தினார். பெண்கள் களை வெட்டும் அரிவாள்களோடு சுற்றி உட்கார்ந்து, துளைகளைச் சுற்றி இரும்பு தெரியும்வரை சுரண்டினார்கள். "நொம்ப அழகாத்தான் அடிச்சிருக்கீங்க, போகவே மாட்டேங்குது" என்றாள் எருமைக்காரி. நான் நட்டுகளைச் சுரண்டினேன். காணாமல்போனவற்றில் ஒன்று மட்டும் சாலையோர ஓடையில் கிடைத்தது, நசுங்கி. வேறு இரண்டு சக்கரங்களிலிருந்து ஒவ்வொரு நட்டைக் கழற்றி ஆறாக்கினோம்.

பெண்களை நடந்து வரச் சொன்ன டிரைவர் என்னைப் பார்த்தார். "மாட்டுனவன் ஓட்டறேனுங்க. பெயின்ட் அடிச்சவரு அந்தச் சக்கரத்துக்கு மேலயே உக்காருங்க. சத்தம் கேட்டாத் தட்டுங்க."

உட்கார்ந்தேன். கை வண்டிப் பலகையைத் தட்டத் தயாராக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி ஸ்பேனர் போட்டார். முதல் வளைவில் நட்டு கால் சுற்று நகர்ந்தது. இரண்டாவதில் அதைவிடக் குறைவு. மூன்றாவதில் நகரவில்லை. அவர் மீண்டும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "பாதித் தப்பு என்னுதுங்க. பாத்துட்டுத்தான் மாட்டுனேன்" என்றார். அன்றைய நாட்குறிப்பில் முழுத் தப்பையும் என் பெயரில் எழுதினேன்.

அவர் இப்போது சேலத்தில் மகளோடு இருக்கிறார். கழற்றிய சக்கரத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது துளைகளைச் சுற்றி வெறும் இரும்பாக விட்டுவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள், ரைட்டருக்குப் பொறுமையில்லை என்று நினைப்பார்கள்.

இன்று ஆயுத பூஜை. ஸ்பேனர், அரிவாள் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்தேன். இந்த நட்டையும் வளையம் தெரியும்படி கவிழ்த்து வைத்தேன். சந்தனம் தொட்ட விரல் அதன் அருகே வந்து நின்றது. அதன்மேல் இன்னொரு பூச்சு பூச எனக்குக் கை வரவில்லை.