லேபிளை நம்பாதவள்

போன வாரம் ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேனர் ஆர்டர் கொடுத்துவிட்டேன். சென்னையில் ஜீன் ஆராய்ச்சி செய்யும் என் அக்கா மகள் கலைவாணி ஏதோ புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறாளாம். தாய்மாமன் சும்மா இருக்க முடியுமா?

லீவில் வந்தவளைப் பார்க்க சேவூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொன்னாள்: “மாமா, பேனர் வேணாம். நான் கண்டுபுடிச்சது தப்பு.”

தூக்கிவாரிப் போட்டது.

விஷயம் இதுதான். நம் உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லிலும் ஒரே ஜீன்கள்தான். எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா கிடக்க வேண்டும் என்று முடிவு செய்யச் சில புரதங்கள் உண்டு. அதில் ஒன்றைத் தேடுவதுதான் இவள் வேலை. தேட உதவுவது ஆன்டிபாடி. குட்டி பாட்டிலில் கம்பெனியிலிருந்து வரும். அந்தப் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். அது இருக்கும் இடம் மைக்ராஸ்கோப்பில் ஒளிரும். அதை நம்பித்தான் இரண்டு வருட உழைப்பு, டாக்டர் பட்டம், என் பேனர்... எல்லாமே.

கட்டுரை அனுப்பும் நேரத்தில் இவளுக்கு ஒரு சந்தேகம். அந்தப் புரதமே இல்லாமல் செய்த செல்களில் அதே ஆன்டிபாடியைப் போட்டிருக்கிறாள். இருட்டாக இருக்க வேண்டும். பளிச்சென்று ஒளிர்ந்ததாம்! அது வேறு எதையோ பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

“டெஸ்ட் பண்ணதுன்னு லேபிள்லயே போட்டிருக்கான் இல்ல? யாரும் கேக்கல. நீ ஏன் போய் நோண்டினே?” — கத்திவிட்டேன்.

“அம்மா லேபிள் பாத்தா பட்டு வாங்குது?”

அக்கா பட்டு நெய்கிறவள். வருடக்கணக்காக ஒரே கடையில்தான் நூல் வாங்குகிறாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஓர் இழையைக் கொளுத்தி, முகர்ந்து, சாம்பலை விரலில் தேய்த்து, அசல் பட்டுதானா என்று பார்க்காமல் தறியில் ஏற்ற மாட்டாள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி.

நெய்தபடியே கேட்டுக்கொண்டிருந்த அக்கா, தறியை நிறுத்தினாள்.

“எத்தினி வாட்டி பாத்தே?”

“மூணு வாட்டிம்மா. புரொபசர் கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப லேப்ல எல்லாரும் அவங்கவங்க ஆன்டிபாடிய டெஸ்ட் பண்ணிகினு இருக்காங்க.”

“அப்ப விடு. புதுசா நெய்யி.”

அவ்வளவுதான். மறுபடியும் தறிச் சத்தம். இரண்டு வருடம் போனதற்கு அம்மாவும் அழவில்லை, மகளும் அழவில்லை. கண் கலங்கியது எனக்குத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையில்.

வீடு திரும்பியதும் பேனர் கடையிலிருந்து போன். “சார், பாப்பா இன்னா கண்டுபுடிச்சாங்கன்னு சொல்லவே இல்லியே. இன்னா போடறது?”

“தன்னோட தப்பைத் தானே கண்டுபுடிச்சவள்னு போடுங்க. எழுத்து பெரிசா இருக்கட்டும்!”